கடைசிப் பக்கத்து ‘நீதி’ கட்டத்தை எடுத்துவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நற்பண்புகளை வளர்க்கும் சிறார் நாவல்கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்ற கருத்து தங்கள் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஆசை நியாயமானது. ஆனால் சிறார் நாவல் பிரதிகளைப் படித்து, வெட்டி, திருத்தி அச்சுக்கு அனுப்புகிற எவரும் ஒன்றைச் சொல்வார்கள்: பஞ்சம் நீதிக்கு இல்லை. வந்து குவியும் பிரதிகளில் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. அது கதைக்குள் உட்கார இடமில்லாமல் பாட்டி வாயிலும் ஆசிரியர் வாயிலும் கடைசிப் பக்கத்துக் கட்டத்திலும் நின்றுகொண்டிருக்கிறது. இதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வரியில் அறத்தைச் சொல்லி முடிக்கும் மரபு தமிழில் வலுவானது. ஓரடி நீதிநூல்களின் பலமே அந்தச் சுருக்கம்தான். மனப்பாடமாகி, வேண்டிய நேரத்தில் நாக்கில் வந்து நிற்கும். நாவல் அந்த வேலைக்கு வந்ததல்ல. ‘பொய் பேசாதே’ என்பதை மூன்று நொடியில் சொல்லிவிடலாம் என்றால், அதையே சொல்ல 120 பக்கம் எதற்கு? 120 பக்கம் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. பொய் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது, ஒரு நாள் தங்கினால் என்ன ஆகிறது, பத்து நாள் தங்கினால் என்ன ஆகிறது, வெளியே பிடுங்கும்போது எங்கெல்லாம் கிழிகிறது என்று காட்ட. இந்த வேலையை ஓரடியால் செய்ய முடியாது. நாவலாசிரியர் இதை விட்டுவிட்டு ஓரடியின் வேலையைச் செய்யப் போகும்போதுதான் பிள்ளைகள் புத்தகத்தை மூடுகிறார்கள்.

தண்டனை பயம் காட்டினால் குழந்தை திருந்தும் என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2014இல் உளவியலாளர் காங் லீயும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் பொம்மையை, அதன் சத்தத்தை மட்டும் கேட்டு என்னவென்று சொல்ல வேண்டும். நடுவில் ஆய்வாளர், ‘திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். திரும்பி வந்து ஒரு கதை படித்துக் காட்டுவார். அப்புறம்தான், ‘பார்த்தாயா?’ என்று கேட்பார். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதை, தமிழில் புலியாகிவிட்ட ஓநாய்க் கதை, செர்ரி மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெறும் சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் கதை ஆகிய மூன்றில் ஒன்றை ஒவ்வொரு குழந்தையும் கேட்டது. பொய்க்கும் உண்மைக்கும் சம்பந்தமே இல்லாத முயல் ஆமைக் கதையை இன்னொரு குழுவுக்குப் படித்தார்கள். மூக்கு நீண்டதாலும் ஓநாய் வந்ததாலும் உண்மை சொன்னவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. முயல் ஆமைக் கதை கேட்டவர்களைப் போலவேதான் இருந்தார்கள். செர்ரி மரக் கதை கேட்டவர்களில் கூடியது. பிறகு அதே கதையின் முடிவை மாற்றி, சிறுவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு தண்டனை பெறுவதாகப் படித்தபோது அந்தப் பலனும் போய்விட்டது.

(அந்தச் செர்ரி மர நிகழ்ச்சியே மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான அந்த வாஷிங்டனைப் பற்றித் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டிச் சேர்த்தது. உண்மை பேசச் சொல்லும் கதை பொய். ஆனாலும் வேலை செய்திருக்கிறது!)

பொய் சொன்னவனுக்கு என்ன ஆயிற்று என்று காட்டுவதில் எழுதுபவருக்கு ஒரு சுகம் இருக்கிறது. காட்சி எளிதாக வரும்; கிணற்றில் விழுவான், நாய் துரத்தும், ஊர் சிரிக்கும். படிக்கும் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்வது, மாட்டிக்கொள்வது வலிக்கும் என்பதை. மாட்டாமல் பொய் சொல்ல வேண்டும் என்பதுதான் அதிலிருந்து பிறக்கும் நேரான முடிவு. உண்மை சொன்ன பின் நெஞ்சு எப்படி இறங்குகிறது, எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று எழுதுவது கடினம். கடினமான பாதியை விட்டுவிட்டு எளிதான பாதியை எழுதிய நாவல்களே மிகுதி.

தண்டனைக்கு எதிர்ப்பக்கம் பரிசு. கீழே கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்த சிறுவனுக்குப் பணக்காரர் சைக்கிள் வாங்கித் தருவார், படிப்புச் செலவை ஏற்பார். இந்தக் கணக்கு சிறார் பதிப்புத் தொழில் அளவுக்கே பழையது. ஆங்கிலத்தில் அதன் முன்னோடியான ஜான் நியூபெரி 1744இல் வெளியிட்ட சின்னஞ்சிறு புத்தகத்தோடு பையன்களுக்கு ஒரு பந்தும் பெண்களுக்கு ஓர் ஊசிமெத்தையும் சேர்த்து விற்றார். இரண்டுக்கும் ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஒரு குண்டூசி, கெட்டது செய்தால் கறுப்பில் ஒரு குண்டூசி. விற்பனை உத்தியாக அருமை. நற்குணம் வளருமா என்றால், எதிராகத்தான் சான்று கிடைக்கிறது. 2008இல் உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தோமசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் கைநழுவவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க அந்த வயதிலேயே குழந்தைகள் தாமாக வருகிறார்கள். எடுத்துக் கொடுத்ததற்கு விளையாட்டுப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். அந்தச் சைக்கிளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பையைத் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு காரணம் கதையில் மிஞ்சியிருந்தால் பிரதி பிழைக்கும். இல்லாவிட்டால் அது கூலிக் கதை.

வயதைக் கணக்கில் எடுக்காமல் எழுதுவது அடுத்த பெரிய குறை. பின்னட்டையில் ‘6 முதல் 14 வயது வரை’ என்று அச்சிட்ட புத்தகம் எந்த வயதுக்கும் உரியதல்ல. குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதிய நூலில் பிள்ளைகளிடம் கேட்ட ஒரு கேள்வி இங்கே உதவும். ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் இருந்தது அவனுக்குத் தெரியாது, 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் ஜாம் எடுக்க ஏறுகிறான். ஒரு கோப்பை உடைகிறது. யார் அதிகம் குறும்புக்காரன்? சிறுபிள்ளைகள் பெரும்பாலும் 15ஐக் கைகாட்டினார்கள், வளர்ந்தவர்கள் ஜாமைக் கைகாட்டினார்கள். எந்த வயதில் இந்த மாற்றம் வருகிறது என்பதைப் பின்வந்தவர்கள் விவாதித்திருக்கிறார்கள். சிறியவர்களுக்குக்கூட எண்ணம் புரியும் என்கிறவர்கள் உண்டு. எழுதுபவருக்குத் தேவையான பாடம் அதனால் மாறுவதில்லை. 6 வயதுக்கு எழுதும்போது தவறின் அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மனத்துக்குள் நடக்கும் துரோகத்தை மட்டும் நம்பி எழுதினால் அந்த வயது வாசகர் எதற்கு இத்தனை அழுகை என்று விழிப்பார். 10 வயதுக்கு எழுதும்போது உடைந்தது ஒரு கோப்பைதான் என்றாலும், எதற்காகக் கை நீண்டது என்பதே கதை.

நாம் நினைத்த நீதியைத்தான் குழந்தை எடுத்துக்கொள்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. மூன்று கால் நாய் ஒன்றை மற்ற நாய்கள் முதலில் ஒதுக்கி, பிறகு சேர்த்துக்கொள்ளும் ஒரு தொலைக்காட்சிச் சித்திரக் கதையைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த வயதினருக்குக் காட்டி, 2008இல் மேரி-லூயி மேரஸும் எமிலி அகோஸ்டாவும் என்ன புரிந்தது என்று கேட்டார்கள். நம்மைப் போல் இல்லாதவரையும் ஏற்றுக்கொள் என்பது படைத்தவர்கள் எண்ணம். பல பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பாடம், மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது. சிரிக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளைகள் கதையைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். கதையில் நாய்தானே இருந்தது? நிக்கோல் லார்சென் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரே கதையை, மனிதர்கள் வரும் படங்களோடு ஒரு குழுவுக்கும் சட்டை போட்ட விலங்குகள் வரும் படங்களோடு இன்னொரு குழுவுக்கும் படித்தார்கள். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள். மனிதர் கதை கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகம் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. சிங்கம், நரி, முயல் எல்லாம் கதைக்கு அழகு, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு நடத்தையைக் கைமாற்றித் தர விரும்பினால், குழந்தை தன்னையே பார்க்கக்கூடிய ஒரு மனிதக் குழந்தை கதையில் இருப்பது நல்லது.

இனி எழுதுவதற்கு வருவோம். நற்பண்பு ஒரு நாவலுக்குள் ஒரே ஒரு இடத்தில்தான் உட்காரும்: ஒரு குழந்தை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், நல்லதைத் தேர்ந்தெடுத்தால் எதையாவது இழக்க வேண்டியிருக்கும் இடத்தில். இழப்பு இல்லை என்றால் அது தேர்வே இல்லை. பிடிக்காத பலகாரத்தைத் தம்பிக்குக் கொடுப்பது தாராள குணம் ஆகாது.

ஓர் உதாரணக் கதையை விரித்துப் பார்க்கலாம். 9 முதல் 11 வயதுக்கான நாவல், 12 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 900 முதல் 1,000 சொல். ஒரு வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். 24 பக்கம், ஒரே பிரதி. நிலா என்ற சிறுமி, யாரும் இல்லாதபோது தன் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்க்கப் போய் மைப்புட்டியைக் கவிழ்த்துவிடுகிறாள். கடைசியாகப் பத்திரிகையை வைத்திருந்தவன் கவின் என்பதால் பழி அவன் மேல் விழுகிறது. கவின் அவளுடைய நண்பன்.

இந்தக் கருவைக் கொடுத்தால் வரும் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் பங்கீடு இப்படி இருக்கும்: 1 முதல் 3 வரை பத்திரிகைத் தயாரிப்பு, 4இல் மை கொட்டுகிறது, 5 முதல் 11 வரை கவின் படும் பாடு, 12இல் தாத்தா ஒரு கதை சொல்ல நிலா அழுது மன்னிப்புக் கேட்க எல்லாரும் கைதட்டுகிறார்கள். இதில் நிலாவுக்கு ஒரு வேலையும் இல்லை. ஏழு அத்தியாயம் சும்மா இருக்கிறாள். கதை கவினுடையதாகிவிட்டது, திருந்துவது மட்டும் நிலா.

பங்கீட்டை மாற்றுங்கள். மை இரண்டாம் அத்தியாயத்திலேயே கொட்டட்டும். மூன்றில் பழி கவின் மேல். நான்கில் உண்மையைச் சொல்ல முதல் வாய்ப்பு, அப்போது சொன்னால் இழப்பு சின்னது, அவள் விடுகிறாள். ஐந்தில் இரண்டாம் வாய்ப்பு, இழப்பு பெரிதாகிவிட்டது. ஆறில் கவினே அவளிடம் வந்து, ‘நீயாவது என்னை நம்புறியே’ என்கிறான். நாவல் முழுவதிலும் கனமான வரி இதுதான், இதில் அறிவுரை ஒரு சொல்கூட இல்லை. ஏழில் சொல்லிவிடுகிறாள். முடிவுக்கு ஐந்து அத்தியாயம் முன்பே சொல்லிவிடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். எட்டில் கவின் மன்னிக்கவில்லை. ஒன்பது முதல் பதினொன்று வரை அவள் 24 பக்கத்தையும் திரும்ப எழுத உட்காருகிறாள். மற்றவர்கள் கையெழுத்து அவளுக்கு வராது, ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு வாங்க வேண்டும், அதில் இருவர் மறுக்கிறார்கள். பன்னிரண்டில் கவின் தன் பக்கத்தை எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறான். அவ்வளவுதான்.

சரிசெய்யும் பகுதிக்கு நாவலில் நான்கில் ஒரு பங்காவது வேண்டும் என்பது அனுபவத்தில் தேறிய அளவு. மன்னிப்பு என்பது ஒரு சொல் என்று நினைக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நாவல்களும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. என்ன செய்தேன் என்று பெயர் சொல்வது, உனக்கு அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொள்வது, உடைந்ததைக் கையால் திருத்துவது ஆகிய மூன்றும் காட்சியாக வர வேண்டும். எதிராளிக்கு மன்னிக்காமல் இருக்க உரிமை உண்டு என்பதும் வர வேண்டும். எட்டாம் அத்தியாயத்தைப் பார்த்து, ‘கவின் இவ்வளவு கடுமையாக இருக்கலாமா, அவனும் நல்ல பிள்ளைதானே’ என்று கேட்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் அப்படிக் கேட்பது அபூர்வம்.

வாக்கிய அளவில் ஒரு திருத்தத்தைப் பார்க்கலாம். நான்காம் அத்தியாயத்தின் வழக்கமான வடிவம் இது:

‘பொய் சொல்வது பெரும் தவறு, குழந்தைகளே. உண்மையே எப்போதும் வெல்லும்’ என்றார் ஆசிரியை. அதைக் கேட்ட நிலா தன் தவறை உணர்ந்து வருந்தினாள். ஆனாலும் பயத்தால் எதுவும் பேசவில்லை.

திருத்திய வடிவம்:

ஆசிரியை வருகைப் பதிவேட்டை மூடினார். ‘வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?’ நிலா கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. மணி அடித்தது.

சொற்கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வடிவத்தில் ‘உணர்ந்து’, ‘வருந்தினாள்’, ‘பயத்தால்’ என்று மூன்று முடிவுகளை எழுதியவரே எடுத்துவிட்டார். வாசிக்கும் குழந்தைக்கு வேலை மிச்சமில்லை. இரண்டாவதில் நகக்கண் நீலத்தைப் பார்த்து, அவள் ஏன் கையை ஒளிக்கிறாள் என்று குழந்தையே கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்தது மறக்காது. ‘உணர்ந்தான்’, ‘மனம் திருந்தினாள்’, ‘புரிந்துகொண்டான்’ என்ற மூன்றையும் பிரதியில் தேடி, வந்த இடமெல்லாம் ஒரு செயலையோ பொருளையோ வைத்தால் பாதி நோய் தீரும்.

மீதிப் பாதிக்கு ஒரு சிவப்பு பென்சில் போதும். தமிழில் அறிவுரை ஒளிந்துகொள்ள முடியாது, வினைமுற்றில் மாட்டிக்கொள்ளும்: ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘வேண்டுமல்லவா’, ‘செய்வதே நல்லது’. பெரியவர் ஒருவர் குழந்தையைப் பார்த்துச் சொல்லும் இப்படிப்பட்ட வாக்கியத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். 1,000 சொல்லுக்கு ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதும் அப்படித்தான். ஐந்து ஆறு என்று ஏறினால் அந்த அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது என்று அர்த்தம். கோடிட்ட வாக்கியங்களில் ஒன்றையாவது தவறான அறிவுரையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும். பெரியவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும் நாவலில் குழந்தை யோசிக்கக் காரணமே கிடையாது.

பேச்சு நடையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பிள்ளைகள் இலக்கணத் தமிழில் பேசுவதும், ரவுடிப் பையன் மட்டும் ‘இன்னாடா’ என்று பேசுவதும் இன்னும் ஒழியவில்லை. படிப்பவர் வீட்டில் பேசும் தமிழே கெட்டவர் தமிழ் என்று இதற்குப் பொருளாகிறது; எந்த நீதியும் இந்தச் சேதத்தை ஈடுகட்டாது. எல்லாரும் பேச்சுத் தமிழில் பேசட்டும், அல்லது எல்லாரும் எளிய பொதுத்தமிழில் பேசட்டும். குணத்தை வைத்து நடையைப் பிரிக்காதீர்கள். ஓவியரும் இதே தவறைச் செய்வார். கெட்டவனுக்குப் பருத்த உடல், கறுத்த நிறம், முகத்தில் தழும்பு. கோட்டோவியம் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு, ‘இவர்களில் கெட்டவர் யார்?’ என்று ஒரு குழந்தையிடம் காட்டிக் கேளுங்கள். உடனே விரல் ஒரு முகத்தில் விழுந்தால் ஓவியத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். சக்கர நாற்காலிப் பிள்ளை கதைக்குள் வருவதே நாயகனுடைய இரக்கத்தைக் காட்டத்தான் என்றால் அதுவும் இதே வகைக் குறை. அந்தப் பிள்ளையும் பொறாமைப்படட்டும், பொய் சொல்லட்டும், ஒரு தவறு செய்து திருத்தட்டும்.

கீழ்ப்படிதலையும் நற்பண்பையும் ஒன்றாகக் குழப்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நம் சிறார் நாவல்களில் ‘நல்ல பிள்ளை’ என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை; பெண் பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கும். பெரியவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது என்று நம்பும் குழந்தை, தவறான பெரியவரிடம் மாட்டும்போது தப்ப வழியில்லாமல் நிற்கிறது. மரியாதையோடு ‘மாட்டேன்’ என்று சொல்லும் ஒரு காட்சி, அதற்குப் பின்னால் நம்பகமான வேறொரு பெரியவரிடம் போய்ச் சொல்லும் காட்சி, அவர் அதைக் கேட்டு நம்பும் காட்சி: இந்த மூன்றும் அடுத்தடுத்து வரும் நாவல் பணிவைப் போதிக்கும் பத்து நாவலுக்குச் சமம். மூன்றாவது காட்சியை விட்டுவிடக் கூடாது. சொன்னால் நம்புவார்கள் என்று தெரிந்தால்தான் குழந்தை சொல்லும்.

பிரதி முடிந்ததும் பெரியவர்களுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். பயன் குறைவு; பெரியவர்களுக்கு நீதிப் பகுதிதான் பிடிக்கும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, குரல் ஏற்ற இறக்க நாடகம் இல்லாமல் வாசியுங்கள். தேர்வு வரும் இடத்துக்கு ஒரு பத்தி முன்னால் நிறுத்தி, ‘இப்போ இவ என்ன செய்வா?’ என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே குரலில் ‘உண்மையைச் சொல்லிடுவா’ என்றால் தேர்வில் எடை இல்லை. இது நீதிக் கதை என்று கண்டுகொண்டார்கள், பெரியவருக்கு வேண்டிய பதிலைத் தருகிறார்கள். சண்டை வந்தால் நல்ல அறிகுறி. ‘நீயா இருந்தா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். எந்த வரியில் கால் ஆடத் தொடங்குகிறது, எங்கே தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தாத்தா பேசிக்கொண்டிருப்பார்.

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யக்கூடியதும் இதை ஒட்டியதே. படித்து முடித்ததும், ‘இந்தக் கதையால் நாம் அறியும் நீதி என்ன?’ என்று கேட்டால் இரண்டு மதிப்பெண் விடை வரும், அதோடு கதை செத்துவிடும். ‘யார் மேல உனக்குக் கோபம் வந்தது?’, ‘எந்த இடத்துல அவ சொல்லியிருக்கலாம்?’, ‘கவின் செஞ்சது சரியா?’ என்ற கேள்விகளுக்குத் தயார் விடை கிடையாது. சிறியவர்களுக்கு இந்தப் பேச்சு அவசியமே. மூன்று கால் நாயிலிருந்து மனிதருக்கு வரும் பாலத்தை அவர்கள் தனியாகக் கட்ட மாட்டார்கள். அதைப் பேச்சில் கட்டலாம், புத்தகத்தில் அச்சடித்துக் கட்ட முடியாது. 10 வயதுக்கு மேல் சில பிள்ளைகள் பேச விரும்ப மாட்டார்கள். விட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை ஏதோ தப்பு செய்த அன்று, ‘அந்தக் கதையில வந்த மாதிரி’ என்று நாவலை ஆயுதமாக எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. அந்தப் புத்தகத்தை அது மறுபடி தொடாது.

கடைசிப் பக்கத்து நீதிக் கட்டம் எப்படி வந்தது என்பதற்கு அச்சுக்கூடக் காரணம் ஒன்று உண்டு. புத்தகம் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதிகளாக, அச்சாகிறது. கதை 123 பக்கத்தில் முடிந்தால் எட்டுப் பாரத்துக்கு 128 பக்கம் வேண்டும், ஐந்து பக்கம் மிஞ்சும். வெற்றுத்தாளாக விட மனம் வராது. ‘கதை தரும் நீதி’, ‘சிந்திக்க’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று அந்த ஐந்தும் நிரம்பிவிடும். எழுத்தளவைச் சற்றே உயர்த்தினாலோ, அத்தியாயத் தொடக்கங்களைப் புதுப் பக்கத்துக்குத் தள்ளினாலோ, கோட்டோவியங்களைக் கொஞ்சம் பெரிதாக்கினாலோ இடம் தானாக நிறையும். படிக்கும் கண்ணுக்கும் சுகம்.

தங்களிடம் வைக்கும் வேண்டுகோள்கள் சில. சிறார் நாவலுக்கு மதிப்புரை வெளியிடும்போது ‘நற்பண்புகளைப் போதிக்கிறது’ என்ற தொடரை விட்டுவிட்டு, எந்த வயதுக்கு, எத்தனை பக்கம், கதையில் குழந்தை எதை எதற்காக விட்டுக்கொடுக்கிறது என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதை மதிப்புரையாளரால் எழுத முடியாவிட்டால் அதுவே மதிப்புரை. சிறார் பக்கத்தில் தொடர்கதை போட்டால் வாரத்துக்கு 600, 700 சொல் போதும். அத்தியாயம் நீதியில் முடியாமல், தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் முடியட்டும். ஏழு நாள் பிள்ளைகள் அதைப் பற்றி வாதாடுவார்கள். வரும் கடிதங்களில் நிலா வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதுபவர்களுடையதையும் ஒன்றிரண்டு போடுங்கள். சிறுகதைகளுக்குக் கீழே கட்டம் கட்டி ‘நீதி:’ என்று அச்சிடும் வழக்கத்தையும் நிறுத்திப் பார்க்கலாம். அங்கே மிஞ்சும் இரண்டு அங்குலத்தை ஓவியருக்குக் கொடுத்தால், நகக்கண் நீலத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வரைவார்.

இப்படிக்கு,
சிறார் நூல் பதிப்பாசிரியர் ஒருவர்